ரிதமிக் ஜிம்னாஸ்ட்டின் கருவிப் பை: எதில் பணம் போடலாம், எதில் போட வேண்டாம்

இசைக்கேற்பக் கருவியோடு ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ்தான் ரிதமிக். அதற்கான வளையம், பந்து, கிளப் (ஜோடியாகச் சுழற்றும் சிறு கட்டைகள்), ரிப்பன் (கோலில் கட்டிய நீளத் துணிப்பட்டை) நான்கையும் ஒரே நிறத்தில் ஒரே பெட்டிக்குள் அடுக்கி ‘முழுத் தொகுப்பு’ என்று விற்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாங்க வேண்டாம். ஒரே நிறுவனம் நான்கையும் சமமான தரத்தில் தருவது அரிது. அதைவிட, இந்த நான்கின் அளவும் ஒரே சமயத்தில் மாறுவதில்லை. வளையம் உயரத்தோடு மாறும், பந்து உள்ளங்கையோடு மாறும், கிளப் முன்கையோடு மாறும், ரிப்பன் வயதுப் பிரிவோடு மாறும். ஒரு பெட்டி வாங்கினால் இரண்டு பொருள் பொருந்தும், இரண்டு அலமாரியில் கிடக்கும்.

இந்த விளையாட்டில் 5, 6 வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். சர்வதேச அளவில் 13 முதல் 15 வரை ஜூனியர், 16 வயதாகும் ஆண்டிலிருந்து சீனியர். சீனியர் தனிநபர் வீராங்கனை 13 மீட்டர் சதுரக் களத்தில் நான்கு கருவிகளுடனும் தனித்தனியாக ஆட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 90 விநாடி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலின் லினோய் அஷ்ரம் 107.800 புள்ளி, ரஷ்யாவின் டினா அவெரினா 107.650. கடைசிச் சுற்றில் ரிப்பனைத் தவறவிட்ட பிறகும் அஷ்ரமுக்குத் தங்கம் கிடைத்தது, இடைவெளி 0.150 தான். இவ்வளவு நெருக்கமான போட்டியில் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்று எப்படி நடந்துகொண்டதோ, இன்றும் அப்படியே நடந்துகொள்கிறதா? கை ஒரு கருவியின் எடையையும் வேகத்தையும் ஆயிரக்கணக்கான வீச்சுகளில் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. தலைகீழாகச் சுழன்றுகொண்டே, பார்க்காமல் பிடிக்கிற பிடி அந்த மனப்பாடத்தை நம்பித்தான் நடக்கிறது. கீழே ஒவ்வொரு கருவியையும் எடைபோட்டது இந்த அளவுகோலால்தான்.

சர்வதேசப் போட்டிக்குப் போகும் கருவியில் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். தொடக்க நிலைக்கு அது தேவையில்லை. உள்ளூர்ச் சங்கப் போட்டி, பள்ளிப் போட்டி வரை முத்திரை இல்லாத நல்ல பொருளே போதும். ஆனால் முத்திரை இருப்பதாலேயே எடை சரியாக இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. தேய்மானம், அலங்கார டேப், காற்றழுத்தம், துவைப்பு எல்லாம் அளவை நகர்த்தும். ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசும் தையற்காரர் டேப்பும் இந்தப் பையில் முதலில் போக வேண்டிய பொருட்கள். மொத்தத்தில் மிக மலிவானவையும் அவையே.

பந்தில் கஞ்சத்தனம் கூடாது. ரப்பர் அல்லது செயற்கைப் பொருள், விட்டம் 18 முதல் 20 செ.மீ., எடை குறைந்தது 400 கிராம் என்பது விதி. சிறுமிகளுக்கு 16, 17 செ.மீ. பந்துகள் கிடைக்கின்றன, உள்ளங்கையில் பந்து தானாக அமராத வரை பெரிய பந்துக்குப் போகத் தேவையில்லை. விலையின் பெரும்பகுதி இங்கே போவது மேற்பரப்புக்குத்தான். பந்தை விரல்களால் கவ்வினாலோ, மணிக்கட்டை மடக்கி முன்கையில் முட்டுக் கொடுத்தாலோ நடுவர் புள்ளியைக் குறைப்பார். கவ்வாமல் பந்து கையில் நிற்க வேண்டுமென்றால் தோலோடு லேசாக ஒட்டும் பரப்பு வேண்டும். மலிவான பந்தில் அது இருக்காது. வியர்வை பட்டதும் வழுக்கும், காய்ந்தால் கிறீச்சிடும். ஜப்பானிய நிறுவனமான சசாகியின் எம்-20ஏ பந்து பெரிய போட்டிகளில் அதிகம் தென்படுவதற்குக் காரணம் நிறமல்ல, அந்த மங்கலான மென்பரப்பு. இத்தாலியின் பாஸ்டொரெல்லி பந்துகளும் இதே வகுப்பில் வைக்கத் தக்கவை. மினுக்குத் துகள் கலந்த பந்துகள் விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதே நிறுவனத்தின் சாதாரணப் பந்தைவிடப் பிடிமானம் ஒரு படி குறைவு. கை அதிகம் வியர்க்கும் ஒருவருக்கு அந்த ஒரு படி பெரிய படி.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை உருட்டுவது. சமதளத்தில் மெதுவாக, நேராக உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வளைந்தால் காற்றடைப்பு இருக்கும் இடத்தில் எடை கூடுதல் என்று பொருள். கையிலிருந்து மார்பு வழியாக மறுகைக்கு நீண்ட உருட்டல் செய்யும்போது அதே வளைவு பந்தைக் கழுத்தோரம் இறக்கிவிடும். புதுப் பந்தின் மேல் தொழிற்சாலைத் தூள் படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவிய பிறகே பிடிமானத்தைத் தீர்மானிக்கலாம். ஸ்பிரிட், தின்னர் எதுவும் படக் கூடாது. பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடும், திரும்ப மீட்க முடியாது.

காற்றுதான் பந்தின் நிரந்தரத் தொல்லை. ஊசியைச் சோப்புநீரில் நனைத்துவிட்டுச் செருக வேண்டும். உலர்ந்த ஊசி அடைப்பின் வாயைக் கிழித்து, மெதுவாகக் காற்றிறங்கும் பந்தாக்கிவிடும். கடினமாக அடித்த பந்து பிடிக்கும் கையிலிருந்து துள்ளி வெளியேறும், தளர்ந்த பந்து தரையில் பட்டு எழும்போது சோர்ந்து தாளத்துக்குப் பிந்தும். ‘கைக்குச் சரியாக இருக்கிறது’ என்கிற உணர்வை நம்ப வேண்டாம், அளந்து வையுங்கள். சுவரோரம் இரண்டு தடித்த புத்தகங்களை நிமிர்த்தி, இடையில் பந்தை வைத்து, நெருக்கி, புத்தகங்களுக்கு இடையேயான தூரத்தை அளந்தால் விட்டம் கிடைத்துவிடும். 18.5 என்று பழகினால் எப்போதும் 18.5. குளிரூட்டிய அரங்கில் பந்து சற்றே சுருங்கும், வெயிலில் நின்ற வண்டியில் உப்பும். எனவே போட்டி நடக்கும் அரங்கில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் கடைசி அளவு.

வளையத்தில் நிலைமை நேர்மாறு. நடுத்தர விலையே போதும். சீனியருக்கு உள்விட்டம் 80 முதல் 90 செ.மீ., எடை குறைந்தது 300 கிராம். நிமிர்த்திப் பக்கத்தில் வைத்தால் இடுப்பு எலும்பு உயரத்துக்கு வர வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. குள்ளமானவர் 90 எடுத்தால் உள்ளே நுழைந்து வெளியேறுவது சுலபம், ஆனால் உடல்மேல் உருட்டும்போது கையைத் தாண்டி ஓடும். உயரமானவர் 80 எடுத்தால் தாவிக் கடக்கும்போது கால்விரல் இடிக்கும். நடுவில் 84, 85 என்று சில அளவுகளும் விற்கிறார்கள்; அவற்றைப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

வளையத்தின் எதிரி வளைவு. தரையில் படுக்கவைத்தால் முழுச் சுற்றும் தரையைத் தொட வேண்டும். ஓரிடத்தில் நாணயம் நுழையும் இடைவெளி இருந்தால் அது தரையில் உருளும்போது தள்ளாடும். பிறகு ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் விட்டத்தை அளந்து பாருங்கள், ஒரு செ.மீ. வித்தியாசம் வந்தால் முட்டை வடிவம், வாங்காதீர்கள். இணைப்பு இடத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழாயின் இரு முனைகளும் சேரும் அந்த இடம் மற்ற பகுதியைவிட விறைப்பாக இருப்பது இயல்பு, மேடு தட்டக் கூடாது. மடக்கி அனுப்பப்படும் வளையங்கள் வந்து சேரும்போதே கோணலாக இருக்கும். வெந்நீரில் ஊறவைத்தோ உலர்த்தியின் சூட்டிலோ நிமிர்த்தி, பலகைக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் சரியாகும். மூன்றாவது முறையும் கோணினால் அதோடு போராடுவது வீண். சுவரில் ஒற்றை ஆணியில் மாட்டிவைப்பதுதான் நல்ல வளையத்தைக் கெடுக்கும் சுலபமான வழி. தட்டையாகப் படுக்கவையுங்கள், மேலே பை, காலணி எதுவும் வேண்டாம்.

அலங்கார டேப் பற்றி ஒரு வார்த்தை. டேப் அழகுக்கு மட்டுமல்ல, பிடிமானத்தையும் அது மாற்றும். பளபளப்பான டேப் வழுக்கும், சொரசொரப்பானது கழுத்தில் சுழற்றும்போது தோலை உரசும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் விளிம்பு முழுச் சுற்றிலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனத்துச் சுழற்சி குலையும். சுற்றி முடித்ததும் எடை பாருங்கள், 15, 20 கிராம் கூடியிருப்பது சாதாரணம். அதனால் டேப்போடுதான் பயிற்சி செய்ய வேண்டும். போட்டிக்கு முதல் நாள் இரவு புது டேப் சுற்றுவது, தெரியாத வளையத்தோடு களமிறங்குவதற்குச் சமம். அங்கீகார முத்திரையை டேப்பால் மறைத்துவிடாதீர்கள், அந்த இடத்தில் நிறமில்லாத டேப் போட்டால் போதும்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ரஷ்ய வீராங்கனை அலினா கபயேவாவின் வளையம் கையை விட்டுக் களத்துக்கு வெளியே உருண்டது. தங்கத்துக்குக் காத்திருந்தவர் வெண்கலத்தோடு திரும்பினார். கருவி வெளியேறிவிட்டால் களத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் மாற்றுக் கருவியை எடுத்துத் தொடர இன்றைய விதி இடம் தருகிறது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய வளையத்தை மாற்றுக் கருவியாக வைத்திருப்பார்கள். டேப் வேறு, எடை வேறு. பதற்றத்தில் எடுத்த அந்த வளையமும் அடுத்த வீச்சில் கையை விட்டுப் போகும். போட்டி நிலைக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு கருவியிலும் இரட்டை வாங்குங்கள். ஒரே மாதிரி, ஒரே எடை, ஒரே அளவு தேய்மானம். இரண்டையும் பயிற்சியில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால்தான் மூன்றாவது நிபந்தனை நிறைவேறும்.

கிளப் ஜோடிக்கு நீளம் 40 முதல் 50 செ.மீ., ஒவ்வொன்றும் குறைந்தது 150 கிராம், உருண்டைத் தலை அதிகபட்சம் 3 செ.மீ. விட்டம். தலையை உள்ளங்கையில் வைத்து முன்கையோடு படுக்கவைத்தால் பருத்த முனை முழங்கையைச் சற்றே கடக்க வேண்டும். கடினப் பிளாஸ்டிக்கா ரப்பரா என்பதுதான் தேர்வு. பிளாஸ்டிக் நீடிக்கும், மலிவு, தட்டும் ஓசை கூர்மையாகக் கேட்கும். தாடையிலோ நெற்றியிலோ பட்டால் வலி அதிகம். ரப்பர் வகை உடம்பில் உருட்ட இதம், கையில் நிற்கும், விழுந்தாலும் தூரம் துள்ளாது. ஒன்றின் தலையை மற்றதன் பருத்த முனையில் செருகி ஒற்றைக் கோலாக வீசும் வகைகளும் உண்டு. பாஸ்டொரெல்லியின் மாஷா கிளப் அதற்குப் பெயர்பெற்றது. அந்தச் செருகல் நிகழ்ச்சியில் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. இருந்தால், செருகுதுளை எவ்வளவு இறுக்கம் என்பதைக் கவனியுங்கள். புதிதில் பிடுங்க முடியாது, ஓராண்டில் காற்றிலேயே பிரிந்துவிடும். நடுவாந்தரமாக இருக்கும் சில மாதங்களை முக்கியப் போட்டிகளுக்கு ஒதுக்குவதே சாமர்த்தியம்.

ஜோடி என்று விற்றாலும் இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு கிராம் வித்தியாசம் சிறு வட்டங்களில் தெரியாது. இரண்டையும் ஒருசேர மேலே எறிந்தால் ஒன்று முந்தி இறங்கும்போது தெரியும். மேசையில் உருட்டினால் தலை மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கழுத்து வளைந்திருக்கிறது. ரப்பர் கிளப்பைப் பையின் அடியில் போட்டு மேலே பாரம் ஏற்றுவதால் வருவது இது.

இனி ரிப்பன். ஒரு வீராங்கனையின் வாழ்க்கையில் அதிகம் கண்ணீர் வரவழைக்கும் பொருளும் இதுதான், தவறான இடத்தில் அதிகம் செலவழிக்கப்படும் பொருளும் இதுதான். சாயம் ஏற்றிய, நிறம் மாறி மாறிப் போகும் துணிக்குப் பெரும் தொகை போகிறது. கோலையும் இணைப்பையும் யாரும் கவனிப்பதில்லை. ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டு.

அளவுகள் முதலில். சீனியருக்கு 6 மீட்டர், ஜூனியருக்கு 5. அகலம் 4 முதல் 6 செ.மீ., எடை கோலும் இணைப்பும் நீங்கலாக குறைந்தது 35 கிராம். கோலோடு சேரும் முனையில் துணி இரட்டையாக மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். அது ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. கோல் 50 முதல் 60 செ.மீ., தடிமன் ஒரு செ.மீ.க்குள். பிடியின் ரப்பர் உறை 10 செ.மீ.க்குள். கோலுக்கும் துணிக்கும் இடையிலான நெகிழ் இணைப்பு 7 செ.மீ.க்குள்.

கோல் பெரும்பாலும் கண்ணாடி இழையில் வருகிறது. நுனியைப் பிடித்து லேசாக வளைத்து விடுங்கள். ஒரே துடிப்பில் நின்றால் நல்லது. மூன்று நான்கு முறை ஆடினால், பாம்பு போன்ற அலைகளை இடும்போது மணிக்கட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் கோல் பிந்தும், அலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அலையானாலும் சுருளானாலும் நான்கைந்து, நெருக்கமாக, ஒரே உயரத்தில் வர வேண்டும் என்பதால் அந்தப் பிந்தல் நேரடியாகக் கண்ணில் படும். குட்டைக் கைக்காரர்களுக்கு 60 செ.மீ. கோல் துணியைத் தரையிலிருந்து தள்ளி வைக்க உதவும். வேகமான வீச்சுக்கு 56, 57 சுலபம்.

இணைப்பில் இருக்கும் சிறு சுழல்வளையம், தூண்டில் கடையில் ‘ஸ்விவல்’ என்று கேட்டால் கொடுப்பார்களே அந்த வகை, முழு ரிப்பனின் இதயம். சுருள் போடும்போது ஏறும் முறுக்கை இது வெளியேற்ற வேண்டும். கார்ப்பெட் பஞ்சு, தலைமுடி, துணியின் நூல் உள்ளே சிக்கி இறுகிப்போனால் முறுக்கு துணியிலேயே தேங்கும். கயிறாகத் திரண்ட துணி அடுத்த வளைவில் தன்னையே முடிச்சிட்டுக்கொள்ளும். முடிச்சு விழுந்தால் ‘கை சரியில்லை’ என்று வீராங்கனையைக் குறை சொல்வதற்கு முன் ஸ்விவலை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். எண்ணெய் விட வேண்டாம், சாட்டினில் கறை இறங்கும். ஊசி முனையால் பஞ்சை எடுத்துவிட்டு, அப்போதும் இறுக்கமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். துணி விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கோலைக் கைவிட்டு, துணியின் முனையைப் பிடித்து இழுத்து வரவழைக்கும் பூமராங் வீச்சு நிகழ்ச்சியில் இருந்தால், கோல் முனையின் உலோக வளையத்தையும் வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். முழு அதிர்ச்சியும் அங்கேதான் விழுகிறது.

துணியில் ரேயான் மென்மையாகப் பாயும், பாலியெஸ்டர் சாட்டின் சற்று விறைப்பு. ரேயானின் குறை, நனைந்தால் சுருங்கும். சரியாக 6 மீட்டரில் வாங்கித் துவைத்தால் அளவுக்குக் குறைந்துபோய் நிராகரிக்கப்படலாம், சில செ.மீ. கூடுதலாக இருக்கும் துணியாகப் பார்த்து வாங்குங்கள், அழுக்கை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். 35 கிராமைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் துணி, குளிரூட்டியின் காற்று அடிக்கும் அரங்கில் சொன்ன பேச்சு கேட்காது. 38, 40 கிராம் துணி அடங்கி நிற்கும், ஆனால் ஒன்றரை நிமிடத்தின் கடைசிப் பகுதியில் தோள் அதை உணரும். தோள் வலுவுள்ள சீனியருக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கலாம்.

கோலைச் சுற்றி இறுக்கிச் சுருட்டிவைத்தால் துணியில் சாய்வான மடிப்புகள் விழும். ஒவ்வொரு மடிப்பும் சுருளை உடைக்கும். அட்டைக் குழாயில் தட்டையாகச் சுற்றி, ஆடுவதற்கு முன் குறைந்த சூட்டில் நீளவாக்கில் இஸ்திரி போட வேண்டும். ஜூனியரிலிருந்து சீனியருக்கு மாறும்போது கூடும் அந்த ஒரு மீட்டர் சாதாரணமல்ல. வால் முனை தரையில் இழுபடும், எல்லா வட்டமும் அகல வேண்டும், இசைக்குப் பிந்தும். சீனியர் ஆண்டு தொடங்கும்வரை காத்திருக்காமல் ஆறு மாதம் முன்னதாகவே 6 மீட்டர் ரிப்பனைப் பயிற்சிக்கு வாங்கிவிடுவது நல்லது.

கயிறு சீனியர் தனிநபர் பிரிவில் இப்போது இல்லை. சிறுமிகளுக்கு வேண்டுமானால், நடுவில் மிதித்து நின்றால் இரு முனைகளும் அக்குள் வரை வரும் நீளம், கைப்பிடி இல்லாமல் முடிச்சு மட்டும். அவ்வளவே.

குழு ஆட்டத்தில் ஐவரின் கருவிகளும் எடையிலும் அளவிலும் வடிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும், நிறம் மட்டும் மாறலாம். ஒருவருக்கு மட்டும் புதுப் பந்து வாங்குவது அதனால்தான் சரிவராது. ஒருவர் எறிந்ததை இன்னொருவர் பிடிக்கிறார். வாங்கினால் ஐந்தும் சேர்த்து.

உடைக்கு ஆகும் செலவு கல் ஒட்டுவதில்தான் ஏறுகிறது. அந்தக் கல் ரிப்பனின் நூலை இழுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ரிப்பன் நிகழ்ச்சிக்கான உடையில் இடுப்பிலும் முன்கையிலும் கல்லைக் குறைத்துவிட்டு, கொண்டையின் ஊசிகளை வலைக்குள் மறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக அரைக் காலணி. விரல்களையும் முன்பாதத்தையும் மட்டும் மூடும் இது கையுறை மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். தோல் வகை ஓரிரு வாரத்தில் நெகிழும் என்பதால் புதிதில் சற்றே நெருக்குவது சரி. மைக்ரோஃபைபர் அவ்வளவு நெகிழாது, எனவே சரியான அளவே வாங்குங்கள். அடிப்பாகத் தையல் பெருவிரல் மேட்டுக்கு நேர் கீழே வந்தால் நுனிக்கால் சுழற்சியில் அது கூழாங்கல் மாதிரி உறுத்தும்; உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும். தினசரிப் பயிற்சியில் சுழலும் காலின் காலணிதான் முதலில் ஓட்டையாகும். இடம் வலம் வேறுபாடு இல்லாத வகையாக இருந்தால் வாரம் ஒருமுறை கால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். குதிகால் எலாஸ்டிக் அறுவது எப்போதும் நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான். தோல் நிற நூல் கோத்த ஊசி ஒன்று பையின் வெளிப்பாக்கெட்டில் இருக்கட்டும்.